குடித்திருந்தாள் என்பது தீர்ப்பாகுமா?

மது நம் மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. இதில் நம்மிடையே இரு கருத்து இல்லை. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவைச் சூதாட்டத்தோடும் சிலை வணக்கத்தோடும் சேர்த்து அருவருப்பான ஷைத்தானின் செயல் என்று அறிவித்த நாளில், மதீனாவின் தெருக்களில் மது கொட்டப்பட்டு ஓடியதை நாம் மிம்பரில் கேட்டு வளர்ந்தவர்கள். ஆகவே மதுவைப் பற்றிய செய்தி எதுவாயினும் நம் மனம் உடனே ஒரு தீர்ப்புக்கு வந்துவிடுகிறது.

அந்த விரைவில்தான் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கல்லூரி வளாகமொன்றில் ஒரு மாணவிக்கு வன்கொடுமை நிகழ்ந்தது என்ற செய்தி வருகிறது. அவள் அன்றிரவு குடித்திருந்தாள் என்று செய்தியின் இரண்டாம் பத்தி கூறுகிறது. அதற்கு மேல் பலர் படிப்பதில்லை. “குடித்துவிட்டு ஆண்களோடு கூத்தடித்தால் வேறென்ன நடக்கும்?” என்ற ஒற்றை வரியில் வழக்கு முடிந்துவிடுகிறது. மது ஹராம் என்ற உறுதியான உண்மையிலிருந்து, அவளுக்கு நேர்ந்ததற்கு அவளே பொறுப்பு என்ற முடிவுக்கு நாம் தாவுகிறோம். முதலாவது மார்க்கத்தின் சட்டம். இரண்டாவது மார்க்கத்தின் சட்டமன்று. இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்டான்ஃபோர்டில் நடந்தது

2015 ஜனவரி 17ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், மாணவர் சங்க இல்லமொன்றில் விருந்து நடந்தது. தன் தங்கையோடு அங்குச் சென்றிருந்த 22 வயதுப் பெண்ணொருவர் அளவுக்கு மீறிக் குடித்து நினைவிழந்தார். நள்ளிரவுக்குப் பின், மிதிவண்டியில் அவ்வழியே சென்ற சுவீடன் நாட்டு மாணவர் இருவர், குப்பைத் தொட்டியின் பின்புறத்தில் அசைவற்றுக் கிடந்த அப்பெண்ணின் மீது ஒருவன் இருப்பதைக் கண்டனர். அவர்கள் குரல் கொடுத்ததும் அவன் ஓடினான். இருவரும் அவனைத் துரத்திப் பிடித்து, காவலர் வரும்வரை விடாமல் வைத்திருந்தனர். அவன் அப்பல்கலைக்கழகத்தின் நீச்சல் வீரன், வயது 19. அப்பெண் மருத்துவமனையில்தான் கண் விழித்தார். நடந்தது எதுவும் அவருக்கு நினைவில் இல்லை.

2016 மார்ச்சில் நடுவர் குழு மூன்று குற்றங்களிலும் அவனைக் குற்றவாளி என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அரசுத் தரப்பு ஆறாண்டுச் சிறை கோரியது. ஜூன் 2ஆம் நாள் நீதிபதி ஆரன் பெர்ஸ்கி விதித்ததோ ஆறு மாத உள்ளூர்ச் சிறையும் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும். மூன்று மாதங்களில் அவன் வெளியே வந்தான். தண்டனையைக் குறைக்க நீதிபதி எடுத்துக்கொண்ட காரணங்களில் ஒன்று, அவன் போதையில் இருந்தான் என்பது. போதையிலிருந்தவனின் தார்மீகப் பொறுப்பு சற்றுக் குறைவு என்பது அவருடைய கருத்து.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். அன்றிரவு இருவருமே குடித்திருந்தனர். விசாரணையில் அப்பெண்ணிடம் எவ்வளவு குடித்தாய், என்ன உடுத்தியிருந்தாய், விருந்துகளுக்கு அடிக்கடி செல்வாயா என்றெல்லாம் கேட்கப்பட்டது. குடி, அவருக்கு எதிரான சாட்சியாக நிறுத்தப்பட்டது. அதே குடி, அவனுக்கு இரக்கம் தேடித் தந்தது. அவனும் தன் வாக்குமூலத்தில் வளாகத்தின் குடிப் பழக்கத்தையும் விருந்துக் கலாசாரத்தையும் சாடினான். இனி மாணவர்களிடையே குடியின் தீமை பற்றிப் பேசப்போவதாகவும் கூறினான். பாட்டில் செய்த குற்றத்தைத் தான் திருத்தப்போகும் சீர்திருத்தவாதியாக அவன் நின்றான்.

அப்பெண் நீதிமன்றத்தில் வாசித்த நீண்ட அறிக்கை இணையத்தில் வெளியாகி உலகெங்கும் கோடிக்கணக்கானோரால் படிக்கப்பட்டது. தாமும் குடித்திருந்ததை அவர் மறைக்கவில்லை. அளவுக்கு மீறிக் குடித்தது ஒரு பிழைதான். ஆனால் அதே அளவு குடித்த எண்ணற்றோர் யாரையும் தாக்குவதில்லை என்பதே அவருடைய வாதத்தின் சாரம். நான்காண்டுகள் பெயரற்றவராக இருந்த அவர், 2019இல் ஷனெல் மில்லர் என்ற தம் பெயரைத் தாமே வெளியிட்டார். 2016 செப்டம்பரில் கலிஃபோர்னியா சட்டத்தைத் திருத்தியது. நினைவிழந்தவரையும் போதையில் தன்னிலை இழந்தவரையும் தாக்கியவருக்கு இத்தகைய குற்றங்களில் சிறை கட்டாயமாயிற்று. 2018 ஜூனில் அந்த வட்டார மக்கள் வாக்களித்து அந்நீதிபதியைப் பதவியிலிருந்து நீக்கினர்.

ஒரே கோப்பை, இரு அளவுகோல்

இது ஒரு நீதிபதியின் தனிப் பார்வை அன்று. 1982இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்களான ரிச்சர்ட்சனும் கேம்ப்பெல்லும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு வன்கொடுமை நிகழ்வின் விவரத்தைக் கொடுத்துப் பொறுப்பு யாருக்கு என்று கேட்டனர். சிலருக்குக் கொடுத்த விவரத்தில் ஆண் குடித்திருந்தான். சிலருக்குக் கொடுத்ததில் பெண் குடித்திருந்தாள். ஆண் குடித்திருந்தபோது அவன் மீதான பழி குறைந்தது. பெண் குடித்திருந்தபோது அவள் மீதான பழி கூடியது. கோப்பை ஒன்றே, அளவுகோல் இரண்டு.

இதற்குக் காரணம் என்ன? நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும், தீங்கு அடைந்தவர் ஏதோ தவறு செய்திருக்க வேண்டும் என்று நம்ப மனித மனம் விரும்புகிறது. மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் 1960களில் இப்போக்கை ஆராய்ந்து விளக்கினார். அவள் குடித்தாள், அதனால் நடந்தது. என் மகள் குடிக்கமாட்டாள், ஆகவே நடக்காது என்ற ஆறுதல் நமக்குத் தேவைப்படுகிறது. அந்த ஆறுதலுக்கான விலையைத் தருபவள் பாதிக்கப்பட்ட பெண்.

ஈமான் கொண்டவர்களுக்கு இந்த ஆறுதல் பொருந்துமா? நபி ஐயூப் (அலை) அவர்களின் துன்பத்தையும், அவதூறுக்கு உள்ளான அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கண்ணீரையும் அறிந்த சமுதாயம் நாம். துன்பம் வந்ததே குற்றத்துக்குச் சான்று என்று நாம் எப்படிக் கூற இயலும்?

போதையில் வரும் சொல்லுக்கு என்ன மதிப்பு?

சிலர் இன்னொரு வாதம் வைப்பார்கள்: “அவள் மறுக்கவில்லையே, சம்மதித்திருப்பாள்.” இக்கேள்வி பல நாட்டுச் சட்டங்களையும் அலைக்கழித்திருக்கிறது. 2014இல் கலிஃபோர்னியா, தன் மாநில நிதியுதவி பெறும் கல்லூரிகளுக்கு ஒரு விதியை வகுத்தது: மௌனம் இசைவாகாது; மறுக்காமல் இருந்தாள் என்பதும் இசைவாகாது; குடித்து நிலையிழந்தவரால் இசைவு தர இயலாது; தான் போதையில் இருந்ததால் அவள் இசைந்ததாக எண்ணிவிட்டேன் என்று குற்றம் சாட்டப்பட்டவர் சொல்லவும் இயலாது. ஆனால் 2021 மார்ச்சில் மினசோட்டா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், அம்மாநிலச் சட்டத்தின் வாசகப்படி, ஒருவர் தாமாகவே குடித்திருந்தால் அவர் சுயநினைவு இழந்தவர் என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று கூறிவிட்டது. பிறர் ஏமாற்றிக் குடிக்க வைத்தால் ஒரு சட்டம், தாமே குடித்தால் வேறு சட்டம் என்பதுதான் அதன் விளைவு. அந்தப் பிளவைக் கண்டு மக்கள் கொதித்தனர். அதே ஆண்டில் சட்டமன்றம் அதைத் திருத்தியது.

நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவில் இருந்ததும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவில் இருப்பதும் ஒன்றே: போதையினால் தான் எதற்கு இசைகிறோம் என்பதன் தன்மையையும் விளைவையும் அறிய இயலாத நிலையில் ஒரு பெண் தரும் சம்மதம், சம்மதமே அன்று. போதை எப்படி வந்தது என்று அந்த வாசகம் கேட்கவில்லை.

நம் மார்க்கம் இதைப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. மது முற்றிலும் தடுக்கப்படுவதற்கு முன் அருளப்பட்ட அந்நிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனத்தை நினைவுகூர்வோம். போதையில் இருக்கும்போது, தாம் சொல்வது இன்னதென்று அறியும்வரை தொழுகையை நெருங்க வேண்டாம் என்று அது தடுத்தது. அந்தத் தடைக்கு அல்லாஹ் கூறிய காரணத்தைக் கவனியுங்கள்: போதையிலிருப்பவன் தான் சொல்வதை அறியமாட்டான். படைத்தவனின் முன் நின்று சொல்லும் சொல்லுக்கே அந்நிலையில் இடமில்லை என்றால், நிற்கவும் இயலாத ஒரு பெண் ஓர் ஆடவனிடம் முணுமுணுத்த சொல்லுக்குச் சம்மதம் என்று பெயரிட நமக்கு என்ன உரிமை?

ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் மாஇஸ் (ரலி) அவர்களின் நிகழ்வும் இதையே காட்டுகிறது. தாம் விபசாரம் செய்துவிட்டதாக அவர் தாமே வந்து ஒப்புக்கொண்டபோது, அவர் மது அருந்தியிருக்கிறாரா என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஒருவர் எழுந்து அவருடைய வாயை முகர்ந்து பார்த்து, மதுவின் வாடை இல்லை என்று உறுதி செய்தார். ஒருவர் தமக்கு எதிராகச் சொல்லும் சொல்லும் தெளிந்த அறிவோடு சொல்லப்பட்டதா என்று சோதித்த நபியின் உம்மத் நாம்.

அப்படியானால் குடித்திருந்த ஆணுக்கும் அதே சலுகை உண்டா என்று கேட்கலாம். இல்லை. அறியாத நிலையில் சொன்ன சொல்லைக் கொண்டு ஒருவருடைய உரிமையைப் பறிக்கக் கூடாது என்பது ஒன்று. பிறருக்கு இழைத்த தீங்கிலிருந்து போதையைக் காட்டித் தப்பிப்பது வேறொன்று. தானே தேடிக் குடித்தவன் பிறருக்குச் செய்த கொடுமைக்கு அவனைப் பொறுப்பாக்குவதே ஃபிக்ஹு அறிஞர்களில் பெரும்பாலோரின் நிலை. ஒரு ஹராம் இன்னொரு ஹராமுக்கு மன்னிப்புச் சீட்டாக முடியாது. ஸ்டான்ஃபோர்டு வழக்கில் நீதிபதி கண்ட சலுகையை நம் மார்க்கத்தில் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது.

பாவம் வேறு, பழி வேறு

குடித்த பெண் குற்றமற்றவளா? மதுவைப் பொறுத்தவரை, அவள் முஸ்லிமாயின், அவள் செய்தது பாவம். அதற்குத் தவ்பா உண்டு. அதன் கணக்கு அவளுக்கும் அவளுடைய இறைவனுக்கும் உரியது. ஆனால் அவள் மீது நிகழ்த்தப்பட்ட வன்கொடுமை அவளுடைய செயலே அன்று. ஒருவரின் பாவச் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்பது குர்ஆன் பல இடங்களில் நிலைநாட்டும் அடிப்படை. அவனுடைய சுமையில் பாதியை அவளுடைய தோளில் ஏற்றுவது அந்த அடிப்படைக்கு எதிரானது.

குடிப்பவரிடம் நபி (ஸல்) அவர்கள் நடந்துகொண்ட முறையும் நம் கவனத்துக்குரியது. மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சபையில் ஒருவர் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று எடுத்துரைத்தார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. குடித்தவரையே சபிக்கக் கூடாது என்றால், குடித்த நிலையில் கொடுமைக்கு ஆளானவரைச் சபிப்பது எவ்வளவு தகாதது!

திர்மிதியிலும் அபூதாவூதிலும் வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அறிவிக்கும் நிகழ்வொன்று உண்டு. நபியின் காலத்தில் தொழுகைக்காகப் புறப்பட்ட ஒரு பெண்ணை வழியில் ஒருவன் பலவந்தப்படுத்தினான். அவள் கூக்குரலிட்டாள், மக்கள் கூடினர், வழக்கு நபியிடம் சென்றது. அல்லாஹ் அவளை மன்னித்துவிட்டதாகக் கூறி நபி (ஸல்) அவர்கள் அவளை அனுப்பிவைத்தார்கள். ஏன் தனியே வந்தாய் என்ற கேள்வி அந்த அறிவிப்பில் இல்லை. பலவந்தப்படுத்தப்பட்ட பெண் மீது தண்டனை இல்லை என்பதில் சட்ட அறிஞர்கள் ஒன்றுபட்டிருப்பதும் நாம் அறிந்ததே.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். எதையும் நேரில் காணாமல், “அவள் விரும்பித்தான் போயிருப்பாள்” என்று ஒரு பெண்ணின் கற்பைப் பற்றிப் பேசுவது, அந்நூர் அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கும் அவதூறின் வாசலில் நிற்பதாகும். குற்றம் சாட்டப்பட்டவர் விஷயத்திலும் இதே நேர்மை வேண்டும். விசாரணையின்றி எவரையும் குற்றவாளி என்று கூவ மார்க்கம் இடம் தரவில்லை. ஆனால் விசாரணையில் கேட்க வேண்டிய கேள்வி, அவன் என்ன செய்தான், அவள் தெளிந்த நிலையில் இசைந்தாளா என்பதே. அவள் எத்தனை கோப்பை குடித்தாள் என்பது அவளால் இசைவு தர இயன்றதா என்பதை அறிவதற்கு மட்டுமே உதவும். அவளுடைய தகுதியை அளப்பதற்கு அன்று.

“எச்சரிக்கை வேண்டாமா?”

வேண்டும். மதுவும் வன்கொடுமையும் அடிக்கடி ஒரே இடத்தில் காணப்படுகின்றன என்பதை எவரும் மறுக்கவில்லை. இத்தகைய நிகழ்வுகளில் ஏறத்தாழ பாதியில் தாக்கியவரோ தாக்கப்பட்டவரோ இருவருமோ குடித்திருந்தனர் என்று இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்த அன்டோனியா ஆபி எழுதியுள்ளார். 2016 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு, இளநிலை மாணவர் விருந்துகளில் கடும் மதுவைத் தடை செய்தது. மதுவின் வாசலை அடைப்பதை நாம் வரவேற்கவே செய்வோம். மது நீங்கினால் பல தீமைகள் குறையும் என்பது நம் நம்பிக்கை.

ஆயினும் அறிவுரைக்கு ஒரு காலம் உண்டு. நிகழ்வதற்கு முன் மகளுக்குச் சொல்லும் எச்சரிக்கை அன்பு. நிகழ்ந்த பின் அதே சொற்களைச் சொன்னால் அது தண்டனை. மேலும் அந்த எச்சரிக்கை மகளுக்கு மட்டும் சொல்லப்பட்டு மகனுக்குச் சொல்லப்படாவிட்டால் அது பாதி அறிவுரைதான். அந்நூர் அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்கும், அடுத்த வசனத்தில் பெண்களுக்கும் வருகிறது. அந்த வரிசையை நாம் வீட்டில் தலைகீழாக்கிவிடக் கூடாது.

மூடாத இனிப்பில் ஈ மொய்க்கத்தானே செய்யும் என்ற உவமை நம் மேடைகளில் ஒலிப்பதுண்டு. இது பெண்ணைப் பண்டமாக்குகிறது, ஆணையோ ஈயாக்குகிறது. ஈக்குக் கேள்வி கணக்கு இல்லை. மனிதனுக்கு உண்டு. மறுமையில் நிறுத்தப்பட்டு விசாரிக்கப்படப் போகும் ஒருவனுக்கு ஈயின் நியாயத்தைக் கற்பிக்கும் உவமையை நாம் கைவிடுவதே நல்லது.

நம் வீடுகளில்

நம் பிள்ளைகள் குடிப்பதில்லை, ஆகவே இது நம் பேச்சன்று என்று ஒதுங்க இயலாது. நம் பெண்மக்களும் ஆண்மக்களும் சென்னையிலும் பெங்களூரிலும் மட்டுமன்றி, லண்டனிலும் மெல்பர்னிலும் அமெரிக்க நகரங்களிலும் பயில்கிறார்கள். அமெரிக்காவின் 33 பல்கலைக்கழகங்களில் 2019இல் நடந்த பெரிய ஆய்வொன்றில், இளநிலை மாணவியரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர், வற்புறுத்தலாலோ தன்னிலை இழந்திருந்ததாலோ விருப்பமின்றிப் பாலியல் தீண்டலுக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். அவர்களில் ஒரு துளியும் குடிக்காதவர்களும் உண்டு. பழச்சாற்றில் மருந்து கலக்கப்பட்டவர்களும் உண்டு. 2014இல் வெளியான அமெரிக்க நீதித்துறைப் புள்ளிவிவரமோ, இத்தகைய கொடுமைக்கு ஆளான கல்லூரி மாணவியரில் ஐவரில் ஒருவரளவே காவல்துறையை அணுகியதாகக் காட்டுகிறது.

மற்ற நால்வரும் ஏன் பேசவில்லை? அவர்களுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் நம் வீட்டுப் பெண் பேசாதிருக்க ஒரு காரணத்தை நாம் அறிவோம். உணவு மேசையில் செய்தித்தாளைப் பார்த்து அத்தா சொன்ன ஒரு வரி. திருமண வீட்டில் மாமி சொன்ன ஒரு வரி. யாரோ ஒரு பெண்ணைப் பற்றி நாம் சொல்லும் தீர்ப்பை நம் மகள் தனக்கான தீர்ப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நாளை அவளுக்கு ஒரு தீங்கு நேர்ந்தால், அதற்கு முன் அவள் ஏதோ ஒரு தவறான இடத்துக்குச் சென்றிருந்தால், முதலில் அவள் மறைக்க நினைப்பது நம்மிடமே. அந்த மௌனத்தில் மருத்துவம் தாமதமாகும், சான்றுகள் அழியும், சில வேளைகளில் உயிரும் போகும்.

ஆகவே பெற்றோர் தம் பெண்மக்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும்: மது ஹராம், அந்தச் சபைகளை விட்டு விலகியிரு, ஆனால் எந்த நிலையில் எங்கே உனக்குத் தீங்கு நேர்ந்தாலும் முதலில் எங்களை அழை. கேள்விகள் பிறகு, உன் பாதுகாப்பே முதலில். இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒரே அன்பின் இரு கரங்கள் அவை.

ஆண்மக்களிடமும் சொல்ல வேண்டும்: நிலையிழந்த பெண் உன்னிடம் விடப்பட்ட அமானிதம். அவளைப் பாதுகாப்பாக வீடு சேர்ப்பதும், வேறொருவன் அவளை நெருங்கினால் தடுப்பதும் உன் கடமை. அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டபோது, அவனுடைய கையைத் தடுப்பதே அந்த உதவி என்று விளக்கினார்கள். தீமையைக் கண்டால் கையால் தடுக்கவேண்டும் என்ற கட்டளையும் நமக்கு உண்டு. அன்றிரவு ஸ்டான்ஃபோர்டில் மிதிவண்டியை நிறுத்திய இரு மாணவர்களும் கிடந்தவள் குடித்தவளா, நல்லவளா என்று ஆராயவில்லை. தடுக்க வேண்டியதைத் தடுத்தார்கள். நம் பிள்ளைகளிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது அதில் ஓர் அணுவும் குறைவாக இருக்கலாகாது.

வல்ல அல்லாஹ் நம் சந்ததிகளை மதுவின் தீங்கிலிருந்தும், அநீதி இழைப்பதிலிருந்தும், அநீதிக்கு ஆளாவதிலிருந்தும், அநீதிக்கு ஆளானவர் மீது நாவை நீட்டுவதிலிருந்தும் காப்பானாக! ஆமீன்.